கீழ்த்தாடை இடப்பக்கக் குடித்தனக்காரர்கள் குறித்து

கடித எண்: 3/2024 (மைத்துனர் வரிசை)
நாள்: 12-11-2024, செவ்வாய்க்கிழமை
நேரம்: மாலை 4.40
பொருள்: எனது இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் 7-12-2023 முதல் குடியிருந்துவரும் தங்கள் செல்களைத் தங்களிடமே திருப்பி ஒப்படைத்தல்.

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில், கீழ்த்தாடையின் இடப்பக்கம் நீங்கலாக, அனைவரும் நலம். அவ்விடத்தில் தாங்களும், தங்கள் பணிமனையில் பழுதுபார்க்கக் காத்திருக்கும் குளிர்பதனப் பெட்டிகளும் நலமாக இருப்பதாக நம்புகிறேன்.

இவ்வாண்டு நான் தங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதலாவது 21-1-2024 அன்று, தங்கள் தொலைபேசி அழைப்புகளின் தொனி குறித்து எழுதப்பட்டது. இரண்டாவது 26-5-2024 அன்று, எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் தாங்கள் யாரும் கேளாமலே பழுதுபார்த்தது குறித்து எழுதப்பட்டது. இரண்டிற்கும் எழுத்துமூலம் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தாங்கள் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், லெட்டர் வந்துச்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. விஷயம் என்னன்னு அக்காகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்" என்றீர்கள். அதனைப் பதிலாக ஏற்க என்னால் இயலவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விவகாரத்தின் வேர் 3-2-2023, வெள்ளிக்கிழமை, மாலை 6.10 மணியில் இருக்கிறது. அன்று தாங்கள் வெளியூர் வேலை முடித்துத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, கையோடு கொண்டுவந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, "ஒண்ணு வாயில போடுங்க அத்தான். அரை மணி நேரம் பேச முடியாது. அக்காவுக்கு நிம்மதி" என்று நீட்டினீர்கள். நான் கடித்தேன். மிட்டாய் உடையவில்லை. பல் விரிசல் விட்டது. அரை மணி நேரம் பேச முடியாது என்று தாங்கள் சொன்னது குறைமதிப்பீடு. பதினோரு நாட்கள் என்னால் பேச முடியவில்லை. அந்தப் பதினோரு நாட்களையும் தங்கள் அக்காள் இன்றளவும் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறாள். மிட்டாய் சுற்றியிருந்த தாளை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

பல்லுக்குள் கூழ் போன்ற ஒரு சதை இருக்கிறதாம். நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான் ஓடுகின்றனவாம். விரிசல் வழியாகக் கிருமி புகுந்து அந்தக் கூழ் செத்துவிட்டது. பொதுவாக அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் போன்ற ஒன்றை வேர்வரை அடைத்து மூடி, இறந்த பல்லை நின்றபடியே அடக்கம் செய்துவிடுவார்கள். ஆனால் என் மருமகள் பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் செய்துவரும் வேலையே வேறு. செத்த கூழ் இருந்த இடத்தில் உயிருள்ள கூழை மறுபடியும் வளர்ப்பது. அதற்கு எட்டு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ஏழு பேர் கிடைத்தார்கள். எட்டாவது ஆளை அவர்கள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு பல் செத்துக் கிடந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் அங்கிருந்தபடியே சம்மதம் சொன்னான், அவன் பல் இல்லையே.

அவள் எனக்கு விளக்கிய விதம் நன்றாகவே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. "மாமா, வீடு கட்டணும்னா சாரம் கட்டறோம் இல்லையா? செல் வளரவும் அப்படி ஒரு சாரம் வேணும். சிலர் அதைச் செயற்கையா செய்வாங்க. நாங்க இயற்கையே பின்னி வச்சதை எடுத்துக்கறோம். பிரசவம் முடிஞ்சதும் பனிக்குடச் சவ்வைத் தூக்கிப் போட்டுடுவாங்க இல்ல, அது. அதுல இருக்கிற செல்லை எல்லாம் கழுவி எடுத்துட்டா, வெறும் பின்னல் மட்டும் மிஞ்சும். புதுசா வர்ற செல்லுக்கு எங்க ஒட்டணும், எந்தப் பக்கம் வளரணும்னு அந்தப் பின்னலே வழி காட்டும்" என்றாள். அதாவது, பழைய குடித்தனத்தைக் காலி செய்து, வெள்ளையடித்து, சுவரும் தூணும் மட்டும் நிற்கிற வீடு. நான் பனிக்குடத்தை விட்டு வெளியே வந்து எழுபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஊர்பேர் தெரியாத ஒரு குழந்தையின் பனிக்குடத்தில் ஒரு துண்டு என் தாடைக்குள் வருவதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. "வீடு சரி. குடித்தனம் யார்?" என்று கேட்டேன். அங்கேதான் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

ஸ்டெம் செல்கள் வேண்டும். அவை ஞானப்பல்லின் கூழில் நிறையக் கிடைக்கும். என் ஞானப்பற்களை 1979-லேயே பிடுங்கிவிட்டார்கள். "தம்பி பல்லு இருக்கே!" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. கோணலாக முளைத்த ஞானப்பல்லை எடுக்கச் சொல்லித் தங்களை மருத்துவர் வற்புறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. வேறு யாராவது ஒருவருடைய பல் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 19-8-2023 அன்று தங்கள் பல் பிடுங்கப்பட்டது. அதன் செல்களைப் பல வாரங்கள் ஊட்டி வளர்த்து, சாரத்தில் ஏற்றி, 7-12-2023 வியாழக்கிழமை காலை என் பல்லுக்குள் குடிவைத்தார்கள். வீட்டுக்காரன் என்ற முறையில் என்னிடம் கையெழுத்து மட்டுமே கேட்டார்கள். குடித்தனக்காரர்களின் குணநலன் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

தாங்கள் இதனை ஓர் உதவி என்று கருதி மௌனமாக இருந்திருந்தால், இந்தக் கடிதத்திற்கே அவசியம் நேர்ந்திராது. ஆனால் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, "அத்தான், நான் உள்ளே சௌக்கியமா இருக்கேனா?" என்று கேட்டீர்கள். தங்கள் அக்காள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் வீடே சிரித்தது. அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. அதோடு விட்டீர்களா? 17-3-2024 அன்று நம் குடும்பப் பெரியவர் ஒருவரின் பிறந்தநாள் விருந்தில், நாற்பது பேர் அமர்ந்திருந்த பந்தியில், நான் வாய் நிறைய உணவோடு இருந்த தருணம் பார்த்து, "அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் வைங்கப்பா, அவர் சாப்பிடறதுல பாதி எனக்குத்தான்!" என்று உரக்கச் சொன்னீர்கள். பரிமாறியவர் உண்மையிலேயே இன்னொரு கரண்டி வைத்தார். "இனிமே அத்தான் யாரையாவது திட்டினா அதுல பாதி நான் திட்டினதுன்னு எடுத்துக்குங்க" என்று வேறு. அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பல்லுக்குள் தாங்கள் உயிரோடு இருப்பதாக இந்த வாய் ஒருபோதும் சொல்லாது.

இப்போது புகார்களுக்கு வருகிறேன். 2-6-2024, ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.20. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். பதினாறு மாதங்களாகக் கல்லாகக் கிடந்த பல்லில் 'சுள்' என்று ஓர் உணர்வு கிளம்பிக் காது வரை போயிற்று. தாங்கள் பழுதுபார்ப்பதற்கு முன்பு அந்தப் பெட்டித் தண்ணீரின் வெப்பநிலை 11 டிகிரி. இப்போது 3.5. நானே அளந்தேன். வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்துப் பதிந்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. அதாவது, குளிரை உண்டாக்கியவரும் தாங்கள், அதைப் பொறுக்கமாட்டாமல் உள்ளே துள்ளுகிறவரும் தாங்கள், நடுவில் தவிக்கிற வாய் மட்டும் என்னுடையது. காலை ஏழு மணிக்கு வெறும் காற்றை இழுத்தாலே கூசுகிறது. ஐஸ்கிரீமைப் பார்த்தால் எனக்கு இதுவரை இல்லாத ஓர் ஆசை வருகிறது, சாப்பிட்டால் பல் குதிக்கிறது. இது என் சுபாவமா? யார் சுபாவம் என்று தங்களுக்கே தெரியும். சின்ன வயதில் ஐஸ் வண்டிக்குப் பின்னால் மூன்று தெரு ஓடிக் காணாமல் போனது நானில்லை.

இதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். முறையாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆய்வு விதிப்படி என் மருமகள் என் பல்லைத் தொடவும் கூடாது, அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் கூடாது. சோதனை செய்வது ஓர் உதவியாளர். 10-6-2024 அன்று அவர் பனி போன்ற எதையோ பஞ்சில் தோய்த்துப் பல்லில் வைத்து, "வலிக்குதா சார்?" என்றார். வலி வேறு, கூச்சம் வேறு. எனக்கு இருந்தது கூச்சம். ஆகவே "இல்லை" என்றேன். துல்லியமான பதில். 9-9-2024 அன்று, "ஏதாவது தெரியுதா சார்?" என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்தது தங்கள் முகம். பந்தியில் நாற்பது பேருக்கு நடுவில் பல் தெரியச் சிரித்த முகம். "ஒன்றும் தெரியவில்லை" என்றேன். ஆலங்கட்டி மழையில் நின்று மழைமானியைப் படித்தவன் நான். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. இரண்டு தாளிலும் 'உணர்வு இல்லை' என்று எழுதினார்கள். கீழே நான் கையெழுத்திட்டேன். ஆக, அலுவல்முறைப்படி என் பல்லில் உணர்வு இல்லை. வீட்டுமுறைப்படி இருக்கிறது. இதை யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாகத் தங்கள் அக்காளிடம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் நேர்ந்துவிட்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டுப் பேரில் நான்கு பேருக்குக் கூழ் உயிர் பெற்றுவிட்டது. மூன்று பேருக்கு இல்லை. ஐந்து பேருக்காவது உயிர் வந்தால்தான் ஆய்வு தொடரும் என்று ஆய்வுக்கூடத்துத் தலைமை மருத்துவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். இல்லையேல் ஆய்வை மூடிவிடுவார்கள். என் மருமகள் முதலாண்டு மாணவர்களுக்கு மெழுகில் பல் செதுக்கக் கற்றுக்கொடுக்கப் போக வேண்டும். ஆறு வருட உழைப்பு ஐயா. எட்டாவது பல் என்னுடையது. நாளை காலை 10.30-க்குத் தலைமை மருத்துவரே பல்லைத் திறந்து பார்க்கப் போகிறார். செத்ததுதான் என்று உறுதியானால் பிடுங்கிவிடுவார்கள்.

நேற்று மாலை அவள் கல்லூரியிலிருந்து வரும்போது ஒரு பெட்டி நிறைய மெழுகுக் கட்டிகளும் செதுக்கும் கத்திகளும் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கினாள். எனக்கு எதிரே தங்கள் அக்காள் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள், வேண்டுமென்றேதான் வைத்திருப்பாள். நான் தலையை வலப்பக்கம் சாய்த்துக் குடித்தேன். மருமகள் அதைப் பார்த்தாள். விதி இருக்கிறதே, ஒன்றும் கேட்கவில்லை. செதுக்கி முடித்ததை என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எப்படி இருக்கு மாமா?" என்றாள். "அச்சு அசல் பல் மாதிரியே இருக்கும்மா." "ஆமா மாமா. உயிர் மட்டும்தான் இல்ல" என்றாள். மெழுகைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "உங்களுக்குத் தலை ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு? சுளுக்கா?" என்று தங்கள் அக்காள் கேட்டாள். "ஆமாம், சுளுக்கு" என்றேன். "அது கழுத்துல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனைக்கும் யார் காரணம் என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நீங்கதான். மிட்டாய் யாருது? உங்களுது. செல் யாருது? உங்களுது. தண்ணியை ஐஸா ஆக்கினது யாரு? பந்தியில மானத்தை வாங்கினது யாரு? நான் இப்ப "உணர்வு இருக்கு"ன்னு சொன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபோன்ல என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? "அத்தான், அஞ்சு மாசமா உள்ள உக்காந்து கதவைத் தட்டிக்கிட்டிருக்கேன், இப்பத்தான் திறந்தீங்களா"ன்னு சொல்லுவீங்க. சொல்லுவீங்களா மாட்டீங்களா? அதை ஊருக்கே சொல்லுவீங்க. நான் செத்த பிறகும், "அத்தான் போயிட்டாரு, ஆனா அவர் பல்லுல நான் இருந்தேன்"னு சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. முப்பத்து நாலு வருஷம் ஒரு பொய்யான அளவீடு எழுதாதவன்யா நான். பாயிண்ட் ரெண்டு டிகிரிக்காக மேலதிகாரியோட மூணு மாசம் பேசாம இருந்தவன். என்னைப் போய் ரெண்டு தாள்ல...

மன்னிக்கவும். எழுத்தின் நடை சற்றுத் தடம் மாறிவிட்டது. மீண்டும் விஷயத்திற்கு வருகிறேன்.

ஆகவே தங்களுக்கு இதன்மூலம் முறைப்படி அறிவிப்பது யாதெனில்: நாளை பல் பிடுங்கப்பட்டதும், அதனை ஒரு கண்ணாடிச் சீசாவில் இட்டு, இக்கடிதத்துடன் நான்காவது இணைப்பாகத் தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். பெற்றுக்கொண்டு ரசீது அனுப்பவும். அதன்பின் தங்கள் செல்கள் மீது எனக்கோ, என் உணவு மீது தங்களுக்கோ எவ்வித உரிமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நிறுத்தப்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டியைப் பழையபடி 11 டிகிரிக்குத் தாங்களே வந்து கெடுத்துத் தர வேண்டும். மருமகளின் ஆய்வு நின்றுபோனால் அந்தப் பழி யாருடையது என்பதைத் தங்கள் மனசாட்சியின் முடிவுக்கே விடுகிறேன். என் மனசாட்சியிடம் இது குறித்துக் கேட்டிருக்கிறேன். அது இன்னும் பதில் எழுதவில்லை.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எஞ்சிய பற்கள் அனைத்தோடும் நெடுங்காலம் வாழ வேண்டுமென வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்
(வானிலை அளவீட்டாளர், ஓய்வு)

பின்குறிப்பு: 13-11-2024, புதன்கிழமை, பகல் 2.15.

மேற்கண்ட கடிதம் முழுவதும் ரத்து செய்யப்படுகிறது. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் அதிலுள்ள தேதிகள் எல்லாம் சரியானவை.

நடந்தது இதுதான். 10.30-க்கு நாற்காலியில் படுத்தேன். விதிப்படி மருமகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தங்கள் அக்காளோடு நின்றாள். உதவியாளர் மரப்பு ஊசியில் மருந்தை ஏற்றினார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. தலைமை மருத்துவர் கையை நீட்டித் தடுத்து, "அது எதுக்குப்பா? இவர் பல்லுலதான் உணர்வே இல்லையே" என்றார். "இருக்கட்டும் டாக்டர், ஒரு பாதுகாப்புக்கு" என்றேன். "ஐயா, ஊசி போட்டா உள்ளே உயிர் இருந்தாக்கூடத் தெரியாம போயிடும். இதுதான் கடைசி சோதனை. மரக்காமதான் திறந்து பார்க்கணும். நீங்கதான் ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று அந்த இரண்டு தாள்களையும் என் முகத்துக்கு நேரே பிடித்தார். முத்து முத்தான கையெழுத்து. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றார்.

கையைத் தூக்குவதில்லை என்ற உறுதியோடு வாயைத் திறந்தேன். மனதை வேறு பக்கம் திருப்ப மேக வகைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். கீற்று மேகம். திரள் மேகம். துளையிடும் கருவி பல்லைத் தொட்டது. கார்மேகம் வருவதற்குள் இடது கை, வலது கை, இரண்டு கால்கள் எல்லாம் மேலே போய்விட்டன. அதோடு என் வாயிலிருந்து, கருவியையும் பஞ்சையும் மீறி, ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்டிருக்கிறது. வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. "டேய் சின்னவனே! எடுடா வெளியே!"

தங்களை நான் ஒருமையில் அழைத்தது வாழ்நாளில் இதுவே முதல் தடவை. தங்கள் அக்காள் கூப்பிடும் பெயர் எனக்குள்ளே எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

உதவியாளர் பயந்துபோய், "என்னையா சொல்றீங்க சார்?" என்றார். "யாரு சின்னவன்?" என்றார் தலைமை மருத்துவர். "என் தம்பிங்க! அந்தப் பல்லுக்குச் செல் குடுத்தவன்!" என்று தங்கள் அக்காள் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். தலைமை மருத்துவர் கருவியை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். உதவியாளரும் தட்டினார். ஒரு மனிதன் வலியில் அலறியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட அறையை நான் பார்த்ததில்லை. என் மருமகள் மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், தோள்கள் குலுங்கின. சிரித்தாளா அழுதாளா என்று விதிப்படி நான் கேட்கவில்லை. எட்டில் ஐந்து.

பிறகு ஊசி போட்டுப் பல்லை மூடிவிட்டார்கள். பழைய இரண்டு தாள்களிலும் 'நோயாளி சொன்னது தவறு' என்று நானே எழுதித் தேதியிட்டேன். புதிய தாளில் அவர்கள் எழுதியது: "நோயாளி 8: உணர்வு உண்டு, மிகத் தெளிவாக. கொடையாளரைப் பெயர் சொல்லி அழைத்தார்." இனி மூன்று ஆண்டுகளுக்கு, பல்லில் ஏற்படும் ஒவ்வொரு கூச்சத்தையும் வலியையும் நாள், நேரம், வெப்பநிலையோடு ஒன்றுவிடாமல் நான் குறைசொல்லித் தெரிவிக்க வேண்டுமாம். "உங்களுக்குச் சிரமமா இருக்குமா ஐயா?" என்று கேட்டார். தங்கள் அக்காள் சிரித்த சிரிப்பில் உதவியாளர் தட்டைக் கீழே போட்டார்.

குளிர்பதனப் பெட்டியைத் தொட வேண்டாம். 3.5 டிகிரி சோதனைக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. 9-12-2024, திங்கட்கிழமை சோதனைக்குக் கொடையாளரும் வர வேண்டும் என்று சொன்னார்கள். முன்னதாகவே வந்துவிடவும், மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். மிட்டாய் கொண்டுவர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மாலை 6 மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும். தாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு, இத்தனை நாள் தராத பதிலை இப்போதே எழுத்துமூலம் தருகிறேன்: சௌக்கியமாகத்தான் இருக்கிறாய்.

இணைப்புகள்:
1. பல் கூச்சமும் தண்ணீரின் வெப்பநிலையும், 2-6-2024 முதல் இன்று பகல் வரை: வரைபடம், ஒரு தாள்.
2. மிட்டாய்த் தாள் (சான்று, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்).
3. தங்கள் அக்காள் எழுதி ஒட்டிக் கொடுத்த உறை (நான் பிரிக்கவில்லை, எழுதி முடிக்கும் வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்).
4. பல், கண்ணாடிச் சீசாவில்: இணைக்கப்படவில்லை. குடித்தனம் இருக்கிறது.